மாசிக்காயை அறுத்துப் பாருங்கள்: ஓக் மரக் கழலைகளை ரசிக்க ஒரு வழிகாட்டி

நாட்டு மருந்துக் கடையில் ஐந்தாறு மாசிக்காய் கேட்டு வாங்குங்கள். பச்சைக் குழந்தை உள்ள வீடுகளில் வசம்பு, சுக்கு, ஜாதிக்காயோடு உரைகல் பக்கத்தில் கிடக்குமே, அதே மாசிக்காய்தான். (உரைத்துக் கொடுக்கலாமா கூடாதா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு இங்கே வேறு வேலை.) வாங்கியதை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், மேலே ஆங்காங்கே முண்டுகள். சிலவற்றில் வட்டமாக ஒரு துளை இருக்கும். சிலவற்றில் இருக்காது. துளை இல்லாததைக் கையில் எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும்.

பெயர்தான் காய். பூவிலிருந்து வந்ததும் அல்ல, உள்ளே விதையும் கிடையாது. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் மலைச்சரிவுகளில் வளரும் குட்டையான ஓக் மரம் ஒன்றின் மொட்டில் ஒரு சிறு குளவி முட்டையிட்டதால் எழுந்த புடைப்பு அது. இப்படிப்பட்ட புடைப்பைக் கழலை என்பார்கள். துளை, உள்ளே வளர்ந்த குளவி கடித்துக்கொண்டு வெளியேறிய வாசல். துளை இல்லாத கழலை, குளவி வெளியேறும் முன்பே பறித்தது. அலெப்போ சந்தையின் வழியாக இதை உலகெங்கும் அனுப்பிய வியாபாரிகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். துளையில்லாத கருநிறச் சரக்குக்கு விலை அதிகம், துளைபட்ட வெளிறிய சரக்குக்குக் குறைவு. குளவியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்திருக்காது. துவர்ப்பு எதில் கூடுதல் என்பதுதான் கணக்கு.

துளையில்லாத ஒன்றை ஆக்ஸா பிளேடால் நடுவே அறுங்கள். உடைத்தால் நொறுங்கிவிடும், அறுப்பதே நல்லது. நடுவில் சின்னஞ்சிறு அறை. அதற்குள் உலர்ந்துபோன புழுவின் மிச்சமோ, பாதி உருவான குளவியோ இருக்கலாம். அறையைச் சுற்றி நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபட்ட வளையங்கள். ஒரு கைலென்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவதெல்லாம் இந்த வளையங்களைப் பற்றித்தான்.

பெண் குளவி மரத்தில் கண்ட இடத்தில் முட்டை வைப்பதில்லை. இலையாவதா, தண்டாவதா, பூவாவதா என்று இன்னும் முடிவாகாத இளந்திசுதான் அதற்கு வேண்டும். விரியாத மொட்டு, துளிர் இலையின் நரம்பு, பூச்சரத்தின் அரும்பு, பிஞ்சு, வேரின் இளநுனி, இப்படி ஏதாவது ஒன்று. குளவியின் உடம்பே சில மில்லிமீட்டர்தான். முட்டையிடும் ஊசியோ அதன் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் அளவுக்கு நீளம். அதை நீட்டி, மொட்டின் செதில்களுக்கு இடையே நுழைத்து, உரிய இடத்தில் முட்டையைச் செருகுகிறது. இந்தக் குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளவி என்றதும் கையை இழுத்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம்.

முட்டையை ஒட்டியிருக்கும் செல்கள் கரைந்து ஒரு குழி உண்டாகிறது. பொரிந்த புழு அதற்குள் அமிழ்கிறது. சுற்றியுள்ள திசு பெருகி மேலே மூடிக்கொள்கிறது. அதன் பிறகு மரம் செய்வதுதான் வியப்பு. புழுவின் அறையை ஒட்டி ஊட்டச்செல்கள் என்ற தனி அடுக்கு ஒன்று வளர்கிறது. சாதாரண ஓக் இலையில் இப்படிப்பட்ட செல்களைப் பார்க்க முடியாது. உட்கரு பெருத்து, மரபுப்பொருள் பல மடங்காகி, புரதமும் கொழுப்பும் நிறைந்து நிற்கும் செல்கள் இவை. புழு தின்பது இவற்றை மட்டும்தான். இதற்கு வெளியே சேமிப்புத் திசு. பல வகைக் கழலைகளில் அதற்கும் வெளியே கட்டைபோல் இறுகிய ஓடு. கடைசியாகத் தோலை ஒட்டிய தடித்த பகுதி. துவர்ப்பெல்லாம் இங்கேதான் குவிகிறது. புழுவின் வாய்க்கு எட்டும் இடத்தில் துவர்ப்பு குறைவு, பூஞ்சையும் பகைப்பூச்சியும் வந்து முட்டும் இடத்தில் அதிகம். மரத்தின் நீர்க்குழாய்களோடும் இந்தக் கட்டுமானம் இணைந்துகொள்வதால் சாப்பாடு தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வளர்ந்து முடியும்வரை இந்தப் புழு மலம் கழிப்பதில்லை. அதன் நடுக்குடலும் கடைக்குடலும் ஒன்றோடொன்று திறந்துகொள்வதே கடைசிக் கட்டத்தில்தான். பிறந்த அறையிலேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும் உயிருக்கு வேறு வழியுமில்லை. அறுத்த கழலையின் அறை ஏன் இத்தனை சுத்தமாக இருக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

புழு நடுவில் செத்துப்போனால் கழலையின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். காயம்பட்ட இடத்தில் மரம் தானாகப் புடைத்துக்கொண்டது என்றால் அப்படி நிற்க வேண்டியதில்லை. உள்ளிருந்து புழு விடாமல் ஆணை பிறப்பித்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். அந்த ஆணை எந்த ரசாயனங்களால் ஆனது என்பதை ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. கழலைக்குக் காரணம் பூச்சி என்பதே மெதுவாகத்தான் தெளிவானது. அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று சோதனை செய்து காட்டிய இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடிகூட, கழலைக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரமே உண்டாக்குகிறது என்று நம்பினார். பொலோன்யா நகரத்து மார்செல்லோ மால்பிகி 1679இல் வெளியிட்ட தாவர உடற்கூற்று நூலின் பகுதியில், பூச்சி இடும் முட்டையே காரணம் என்று படங்களோடு விளக்கினார்.

கழலையை ரசிக்க ஒரு திறவுகோல் போதும் என்பது என் எண்ணம். பொருள் மரத்துடையது, வடிவம் குளவியுடையது. கொத்தனாரும் செங்கல்லும் ஒன்றேதான், ஆனால் வரைபடம் வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரர் மாறுகிறது. உலகில் ஓக்கை நம்பி வாழும் கழலைக் குளவி இனங்கள் ஏறக்குறைய ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். குளவிகளை வரிசையாக வைத்தால் நிபுணர்களே திணறுவார்கள். எல்லாம் கூன் முதுகோடு, கறுப்போ பழுப்போ ஆன பொடிகள். கழலையைக் காட்டுங்கள், பெயரை உடனே சொல்லிவிடுவார்கள். அழகெல்லாம் குளவியின் உடம்பில் இல்லை, அது கட்டவைக்கும் வீட்டில் இருக்கிறது.

இனி மரத்தடிக்குப் போகலாம். தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் பிள்ளையோ பேத்தியோ லண்டனில் இருக்கிறார்கள் என்று கோடையில் கிளம்பிப்போகும் பெற்றோர்கள் நம்மிடையே நிறைய. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ரிச்மண்ட் பூங்காவோ எப்பிங் காடோதான். இரண்டிலும் முதிய ஓக்குகள் ஏராளம். மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கைக்கெட்டும் கிளையைப் பிடித்து இலையைத் திருப்புங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் இலையின் அடிப்பக்கம்தான் கண்காட்சி. நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் சற்றே மேடான, செம்பழுப்பு ரோமம் படர்ந்த தட்டுகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு இலையிலேயே நூறுக்கு மேல் இருக்கலாம். ஆங்கிலேயர் இதை ஜிகினா என்ற பொருளில் ஸ்பாங்கிள் என்கிறார்கள். அதே இலையில், அதைவிடச் சிறிதாக, பொன்னிறப் பட்டுநூலைச் சுற்றி நடுவில் குழி விட்டதுபோல் இன்னொன்று தெரிந்தால் அது பட்டுப் பொத்தான். இலை நரம்பில் உருண்டையாக, வெயில் பட்ட பக்கம் சிவந்து தொங்கினால் அது செர்ரிக் கழலை. மூன்றும் ஒரே இலை, ஒரே சாறு. மூன்று வேறு குளவிகள். திறவுகோலை நம்பாதவர்கள் இந்த ஓர் இலையைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

அதே பருவத்தில் ஓக் விதைகளையும் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய விதையின் பக்கத்தில் முகடும் பள்ளமுமாக, ஒட்டும் பிசுக்கோடு பச்சையாக ஒன்று பிதுங்கியிருந்தால் அது நாப்பர் கழலை. மற்றவை மரத்துக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. இது மட்டும் விதையையே கெடுத்துவிடும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மார்பிள் கழலை. வெறுங்கிளையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில், பழுப்பாக, கெட்டியாக, கோலிக்குண்டு என்றே எண்ணத் தோன்றும். மாசிக்காயின் நெருங்கிய உறவு இது. இங்கிலாந்துக்கே உரியதல்ல. 1830 வாக்கில் சாயத்துக்கும் மைக்கும் என்று மேற்கு ஆசியப் பக்கத்திலிருந்து டெவன் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். அது பரவப் பரவ, ஓக் விதையெல்லாம் அழிந்து பன்றிகளுக்குத் தீனி இல்லாமல் போகும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பீதி கிளம்பி, பிறகு தானே அடங்கியது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது மே, ஜூனில் கிடைக்கும் ஓக் ஆப்பிள். கிளை நுனியில் ஒரு மொட்டு முழுதும் உப்பி, மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவில், வெளிர்மஞ்சளும் ரோஜா நிறமுமாக, அழுத்தினால் அமுங்கும் பஞ்சாக நிற்கும். உள்ளே ஓர் அறை அல்ல, பல அறைகள். அறைக்கொரு புழு. 1660இல் இரண்டாம் சார்லஸ் மீண்டும் அரியணை ஏறியதைக் கொண்டாட மே 29ஐ ஓக் ஆப்பிள் நாள் என்றே வைத்தார்கள். 1651இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடியபோது அவரை ஒளித்துக் காப்பாற்றியது ஓக் மரம். ஆகவே அன்று ஓக் இலையோ ஓக் ஆப்பிளோ சட்டையில் குத்திக்கொள்வது வழக்கமாயிற்று. மன்னர் கதையை விடுங்கள். குளவியின் கதை அதைவிட நீளம்.

ஜூன், ஜூலையில் ஓக் ஆப்பிளிலிருந்து ஆணும் பெண்ணும் வெளிவருகின்றன. பெரும்பாலும் ஒரு கழலையிலிருந்து வருவதெல்லாம் ஒரே பால். இணைந்தபின் பெண் குளவி கிளைக்குப் போவதில்லை. மண்ணுக்குள் இறங்கி, ஓக்கின் இளவேரில் முட்டையிடுகிறது. அங்கே உருவாகும் வேர்க்கழலைக்கும் ஓக் ஆப்பிளுக்கும் உருவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. பழுப்பு நிறத்தில் கெட்டியான சின்ன உருண்டை, ஓர் அறை, ஒரு புழு. ஒன்றரை ஆண்டுக்குக் கிட்டே மண்ணில் கிடந்து, இரண்டாவது குளிர்காலத்தில் அதிலிருந்து வருபவை எல்லாம் பெண்கள், இறகே இல்லாத பெண்கள். அவை கடுங்குளிரில் அடிமரத்தைப் பற்றி மெல்ல மேலேறி, ஆண் துணை இல்லாமலே, உறங்கும் மொட்டுகளில் முட்டை வைக்கின்றன. வசந்தத்தில் அந்த மொட்டுகள்தான் மறுபடி ஓக் ஆப்பிள்.

பாட்டியும் பேத்தியும் ஒரே சாயல், தாயும் மகளும் வேறு வேறு. இந்த ஒழுங்கு தெரியாததால் ஒரே குளவியை இரண்டு இனமாக எண்ணி இரண்டு பெயர் வைத்துக் குழம்பிய காலம் உண்டு. ஷ்லெஸ்விக் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஆட்லர் தொட்டியில் வளர்த்த சிறு ஓக் கன்றுகளில் குளவிகளை முட்டையிட விட்டு, எதிலிருந்து எது வருகிறது என்று பொறுமையாகக் காத்திருந்து பார்த்தார். 1881இல் அவர் விரிவாக எழுதிய பிறகுதான் ஜோடிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மேலே சொன்ன ஸ்பாங்கிளுக்கும் இப்படி இன்னொரு முகம் உண்டு. இலையுதிர்காலத்தில் தட்டுகள் இலையிலிருந்து கழன்று மண்ணில் விழுகின்றன. சருகுக்கடியில் ஈரம் குடித்து உப்புகின்றன. வசந்தத்தில் வரும் பெண் குளவிகள் பூச்சரத்தில் முட்டையிட, அங்கே திராட்சைபோல் சாறு நிறைந்த சிவப்புக் குண்டுகள் தொங்கும். நாப்பரும் மார்பிளும் இன்னும் ஒரு படி மேல். அவற்றின் ஒரு தலைமுறைக்கு ஆங்கிலேய ஓக், அடுத்த தலைமுறைக்குத் துருக்கி ஓக். 1735இல் துருக்கி ஓக்கை அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து நட்டவர்கள், பின்னால் வரப்போகும் குளவிகளுக்குப் பாதி வீட்டைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

இந்தப் பித்து பிடித்தவர்களில் ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மனிதரின் பாலியல் நடத்தை பற்றி 1948இல் அறிக்கை வெளியிட்டு அமெரிக்காவை உலுக்கிய ஆல்ஃபிரட் கின்சி, அதற்கு முன் இருபது ஆண்டுக்கு மேல் கழலைக் குளவி ஆய்வாளர். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அலைந்து லட்சக்கணக்கில் அவர் சேர்த்தவை நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை என்பதை இவ்வளவு எண்ணிக்கையில் பார்த்த மனிதர், பிறகு மனிதர்களிடமும் அதையே தேடினார் என்று எனக்குத் தோன்றும்.

துளைகளைப் படிக்கவும் பழகுங்கள். மார்பிள் கழலையில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரே ஒரு துளை சுத்தமாக இருந்தால் வீட்டுக்காரக் குளவி நலமாக வெளியேறியது. குண்டூசி குத்தியதுபோல் பொடித் துளைகள் பல இருந்தால் உள்ளே வேறு நாடகம். சொந்தமாகக் கழலை உண்டாக்கத் தெரியாத சில குளவிகள் பிறர் கழலையில் குடியேறி, அந்தத் திசுவைத் தின்று வளர்கின்றன. இன்னும் சில, நீண்ட ஊசியால் வெளியிலிருந்தே துளைத்துப் புழுவின்மேல் முட்டையிட்டு, அதை உயிரோடு தின்னவைக்கின்றன. பிய்த்துக் கிழித்ததுபோல் பெரிய ஓட்டை என்றால் மரங்கொத்தியோ சிட்டோ கொத்தியது. காலியான கழலையில் எறும்பும் சிலந்தியும் குடியிருக்கும். ஓக் ஆப்பிளைப் பிளந்து உள்ளே எறும்பு இருந்தால் நல்ல விளைச்சல், புழு இருந்தால் மாட்டுக்கு நோய், சிலந்தி என்றால் கொள்ளைநோய் என்று கென்ட் விவசாயிகள் குறி பார்த்ததாக ஜான் ஜெரார்டின் பழைய மூலிகை நூல் சொல்கிறது. அவர்கள் பார்த்தது ஆண்டின் பலனை அல்ல, கழலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை.

அமெரிக்க ஓக்குகளின் கழலைகள் இன்னும் விசித்திரம். கலிஃபோர்னியாவில் ஒரு வகை, இலையிலிருந்து குண்டூசித் தலை அளவில் உதிர்ந்து, உள்ளிருக்கும் புழுவின் அசைவால் தரையில் துள்ளும். ஃபுளோரிடாவில் 2017இல் பெயரிடப்பட்ட ஓர் ஒட்டுண்ணி, கழலைக் குளவியை அதன் வாசலைக் குறுகலாகத் துளைக்கவைத்து, தலையாலேயே அடைத்துக்கொண்டு சாகவைத்து, அந்தத் தலையைத் துளைத்துக்கொண்டு தான் வெளியேறுகிறது. எகிப்தியரின் கொடிய கடவுள் சேத்தின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்தான். பென்சில்வேனியாவில் ஒரு பூச்சியியலாளரின் எட்டு வயது மகன் எறும்புப் புற்றருகே விதைகள் குவிந்திருப்பதாக எண்ணிக் காட்ட, பார்த்தால் அவை ஓக் கழலைகள். விதைக்கொழுப்பை ஒத்த ஒரு தொப்பியைக் காட்டி எறும்புகளைச் சுமக்கவைக்கின்றன அவை என்று 2022இல் ஆய்வுக்கட்டுரையே வந்தது. சுற்றுலா போகிற இடத்தில் பிள்ளைகள் தரையைப் பார்த்து நடந்தால் திட்டாதீர்கள்.

வெளிநாட்டுப் பயணம் வாய்க்காதவர்களும் கண்ணைப் பழக்கலாம். நெல்லில் ஆனைக்கொம்பன் விழுந்து தூர் வெள்ளைக் குழலாகிப் போகிறதே, அது ஓர் ஈ உண்டாக்கும் கழலை. புங்கை இலையில் கொத்துக் கொத்தாக நிற்கும் முண்டுகள் சிலந்திப்பேன் செய்வது. ஏழிலைப்பாலையின் இலையில் உருண்டு நிற்பவை வேறொரு சாறுறிஞ்சிப் பூச்சியுடையவை. ஓக்கின் நயம் இவற்றில் இல்லை என்றாலும் திறவுகோல் அதேதான்.

அறுத்து மிஞ்சிய மாசிக்காயை என்ன செய்வது? கல்லுரலில் இடித்து (இரும்புரல் வேண்டாம், கறுத்துவிடும்) ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதே கடையில் கிடைக்கும் அன்னபேதியைச் சிறிது கரைத்து ஊற்றி, பிடிப்புக்குக் கருவேலம் பிசின் சேருங்கள். அன்னபேதி இரும்பு உப்பு, சிறுவர் வாயில் படக்கூடாது. மரக்குச்சியால் தொட்டு எழுதினால் முதலில் வெளிறியிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து, காயக் காயக் கறுக்கும். ஐரோப்பா ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுதிய மை இதுதான். 4ஆம் நூற்றாண்டின் சினாய் விவிலியப் படியும், லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளும் இந்த மையில் எழுதப்பட்டவை. இசையமைப்பாளர் பாக்கின் இசைத்தாள்களில் சிலவற்றை அந்த மையே அரித்துத் தின்றுவிட்டது. பிரிட்டனில் திருமணப் பதிவேடுகளுக்கு இந்த வகை மையை அண்மைக்காலம் வரை விடவில்லை.

லண்டனில் இருப்பவர்கள் கடைசியாக ஒன்று செய்யலாம். ஜூன் நடுவில் சற்றே பழுத்த ஓக் ஆப்பிள் ஒன்றைக் காம்போடு எடுத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். சில நாளில் பொடிப் பூச்சிகள் கண்ணாடியில் ஏறும். பழுப்பு நிறத்தில் கூன் முதுகோடு இருப்பவை கழலைக் குளவிகள். பச்சையோ செம்போ மின்ன, வாலில் உடம்பளவு ஊசி நீட்டியிருப்பவை அவற்றைத் தின்றவை. இரண்டாவது கூட்டமே அதிகம் வந்தால் ஏமாற வேண்டாம், காட்டிலும் கணக்கு பெரும்பாலும் அப்படித்தான். பார்த்து முடித்ததும் எடுத்த மரத்தடியிலேயே துணியை அவிழ்த்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் துளை விழுந்து காய்ந்த கழலையைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் தாவர நோய்த்தடுப்பு விதி உண்டு. படம் எடுத்து வாருங்கள்.